அப்பாவுக்குப் பின்னால் வைத்த தேயிலை மலை

1

பத்து நாளைக்கு முன், இலங்கையில் எங்கள் தோட்டமிருக்கும் புளத்கொகுபிட்டியவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அப்பா தவறியதற்கு வருத்தம் தெரிவித்து இரண்டு வரி. மூன்றாவது வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டாள். "ஒங்கப்பா படத்த அந்த ஊர்ல பஸ் ஹோல்ட்டுல எல்லாம் ஒட்டி நீ காசு சேத்ததா இங்க பேசிக்கிறாங்க வசந்தா. நெசமா?"

நிஜம்தான். ஒட்டினார்கள், சேர்த்தார்கள். ஒட்டச் சொன்னது நானில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதில் ஒரு சதமும் என் கைக்கு வரவில்லை. தோட்டத்துக்கும் வரவில்லை. எனக்கு எரிச்சல் அதில்தான். ஒருத்திக்கு மட்டும் பதில் எழுதினால் நாலு லயத்து வீடு தாண்டுவதற்குள் அது வேறு கதையாகிவிடும். ஆகவே நடந்ததை நடந்தபடி எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

2

நான் தொண்ணூறில் கல்யாணமாகி இங்கிலாந்துக்கு வந்தவள். கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், அவருடைய தகப்பனார் எங்கள் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவர். எனக்கு இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நினைவு தப்பிப்போனவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடு ஊட்டுவது. ஒரு காலைக்கு ஆறு பேர். 'டிமென்ஷியா' என்ற சொல்லை அங்கேதான் கற்றேன். பயிற்சி கொடுத்தார்கள், பரீட்சை வைத்தார்கள், சான்றிதழும் தந்தார்கள். அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருந்தவளுக்குத் தன் அப்பாவுக்கும் அதே நோய் என்று தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

போனில் அப்பா நன்றாகத்தான் பேசுவார். "சாப்புட்டியாம்மா? அங்க குளிரா? புள்ள படிக்குதா?" ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே மூன்று கேள்வி. எல்லா அப்பாக்களும் இதைத்தானே கேட்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள் தம்பி சந்திரன் கூப்பிட்டான். "அக்கா, பதறாதீங்க. அப்பா ரம்புக்கனை ஸ்டேஷன்ல இருக்காரு. போலீஸ்காரங்க வச்சிருக்காங்க. நான் போய்க்கிட்டு இருக்கேன்."

அப்பா காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, இரண்டு பஸ் மாறி, ரம்புக்கனை ரயில் மேடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். அடையாள அட்டை கேட்டபோது கையில் ஒன்றும் இல்லை. அப்போது யுத்தகாலம். அட்டை இல்லாத தமிழர் என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "மகே அய்யா எனவா" என்றிருக்கிறார். என் அண்ணன் வருகிறார் என்று அர்த்தம். எங்கிருந்து என்று கேட்டதற்கு, இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாரிலிருந்து என்றிருக்கிறார். அந்தப் பாதையில் ரயில் நின்று எத்தனையோ வருடம். அண்ணன் என்று அவர் சொன்ன என் பெரியப்பா, எழுபதுகளில் இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே செத்தும் போய்விட்டார்.

போலீஸ்காரர்கள் அவருக்குத் தேத்தண்ணியும் பனிஸ் ரொட்டியும் வாங்கிக் கொடுத்து, தோட்டத்து ஆபீசுக்குப் போன் பண்ணி, சந்திரன், தோட்டத்துத் துரையின், அதாவது மேனேஜரின், கடிதத்தோடு போனதும் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. என் கோபமெல்லாம் தம்பி மேல்தான்.

"எத்தன நாளா இப்புடிடா?"

"ஒரு வருசமா கொஞ்சம் தடுமாற்றம்க்கா. சட்டைய திருப்பிப் போட்டுக்குவாரு. சாப்புட்டுட்டு சாப்புடலம்பாரு. டிஸ்பென்சரி மருந்தையா விட்டமின் மாத்திரை குடுத்திருக்காரு. வயசாச்சுல்ல."

"வயசு இல்லடா, அது ஒரு வியாதி!"

"வியாதின்னா என்ன மருந்து?" என்று கேட்டான். மருந்தில்லாத வியாதிக்குப் பெயர் மட்டும் தெரிந்து என்ன பண்ண?

3

இந்த ஊரில் டிமென்ஷியாவுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. பெயர் வேண்டாம். எங்கள் இல்லத்துக்கு அடிக்கடி வரும் அதன் அலுவலர் ஹெலன். நல்ல மனுஷி, நல்ல மனுஷிகளிடம்தான் அதிகம் கோபப்பட வேண்டியிருக்கிறது. இந்த வெள்ளைக்காரர்கள் நிதி சேர்க்கும் விதத்தைப் பார்த்தால் ஆச்சரியம்தான். கேக் சுட்டு விற்பார்கள். ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு ஐந்து மைல் நடப்பார்கள். ஒருவர் மீசையை மழிப்பதாகச் சொல்லியே உண்டியலை நிரப்பினார். வெட்கப்படாமல் கேட்கிறார்கள், யோசிக்காமல் கொடுக்கிறார்கள்.

அப்பா கதையைச் சொன்னதும் ஹெலனின் கண் கலங்கியது. அடுத்த வாரமே வந்து, "உங்கள் அப்பாவின் படத்தை எங்கள் விளம்பரத்தில் போடலாமா? ஆசிய மக்கள் எங்களிடம் வருவதே இல்லை" என்றாள். என் மனதில் வேறு கணக்கு ஓடியது. இவர்களோடு சேர்ந்தால் தோட்டத்துக்கும் ஏதாவது செய்ய வைக்கலாம். சரி என்றேன்.

முதலில் ஒரு படிவம் வந்தது. படத்தில் இருப்பவரே கையெழுத்துப் போட வேண்டும். 'மேற்கண்டவற்றை முழுமையாகப் புரிந்துகொண்டேன்' என்ற வரிக்குக் கீழே.

"ஹெலன், புரிந்துகொள்ள முடியாத வியாதி என்பதால்தானே அவர் படத்தைக் கேட்கிறீர்கள்?"

"தெரியும் வசந்தா. ஆனால் படிவம் அப்படித்தான்."

அவரால் முடியாவிட்டால் நீதிமன்றப் பத்திரம் வேண்டுமாம். கடைசியில் சந்திரன் ஒரு சமாதான நீதவானைப் பிடித்து முத்திரை குத்தி அனுப்பினான். அப்பா தன் பங்குக்கு, இடம் கண்ட இடத்திலெல்லாம் அழகாக ஆங்கிலத்தில் ஏழு கையெழுத்துப் போட்டிருந்தார். ஆறு அதிகம் என்று படிவம் திரும்பி வந்தது. ஆறையும் அடித்து அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

என் மகள் மாதுரிக்கு அப்போது பதினைந்து வயது. "தாத்தாவுக்காக" என்று எழுதிய சட்டையோடு ஐந்து மைல் நடந்து, பள்ளிக்கூடத்தில் பாராட்டு வாங்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே போனைக் கையில் கொடுத்தபோது, "ஹலோ தாத்தா, நல்லா இருக்கிறீங்களா" என்று ஒப்பித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தாள்.

"ரெண்டு வார்த்தை கூடப் பேசினால் என்ன?"

"அவருக்கு நான் யாரென்றே தெரியாதே அம்மா."

"உனக்கும்தான் அவர் யாரென்று தெரியாது" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். சொல்லியிருக்க வேண்டாம்தான்.

4

ஒரு நாள் வேலைக்குப் போக பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது அப்பாவைப் பார்த்தேன். ஆளுயரப் படம். நான் கொடுத்தது ரப்பர் மரத்துக்கு முன்னால் எடுத்தது. இவர்கள் மரத்தை எடுத்துவிட்டு, பின்னால் பச்சைப் பசேலென்று ஒரு தேயிலை மலையை வைத்திருந்தார்கள். கீழே, 'வாழ்நாள் முழுக்க நமக்காகக் கொழுந்து பறித்தவர். இன்று அவருக்குத் தன் பெயரே நினைவில்லை. வாருங்கள், ஒரு கோப்பை சிலோன் தேநீர் அருந்துவோம்.'

என் அப்பா வாழ்நாளில் ஒரு கொழுந்து பறித்ததில்லை. நாங்கள் ரப்பர்த் தோட்டத்துக்காரர்கள். முப்பத்தெட்டு வருடம் ரப்பர் ஸ்டோரில், பாலை உறைய வைத்து, ஷீட்டாக அடித்து, புகைக் கூண்டில் தொங்கவிட்டவர். ஞாயிற்றுக்கிழமை சவுக்காரம் போட்டுக் குளித்தாலும் அந்த வாடை அவர் மேலிருந்து போகாது.

ஹெலனுக்குப் போன் பண்ணிக் கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இலங்கை என்றால் மக்களுக்குத் தேயிலைதான் தெரியும். ரப்பர் என்று போட்டால் யாரும் வரமாட்டார்கள்."

அவள் சொன்னது சரியாகத்தான் போயிற்று. தேநீர் விருந்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. சேலை கட்டி வரச் சொன்னார்கள், கட்டினேன். கொழுந்துக் கூடை கிடைக்குமா என்றார்கள். அதற்கு மட்டும் மாட்டேன் என்றேன். மேடையேறி அப்பாவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அழுதார்கள். உண்டியலை நிரப்பினார்கள். முடிந்ததும், மனைவிக்கு இதே வியாதி உள்ள ஒரு கிழவர் கோப்பையோடு வந்து மெதுவாகக் கேட்டார்: "உன் அப்பாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

"என் தம்பி" என்றேன். பக்கத்தில் நின்ற பத்திரிகைக்காரர் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மறுவாரம் ஹெலனிடம் கேட்டேன். எங்கள் தோட்டத்துக்கு ஒரு சின்ன உதவி. ஒரு தாதி, இரண்டு சக்கர நாற்காலி, ஏதாவது. அவள் முகம் சுண்டிப்போனது. சேர்த்த பணத்தை இந்த மாவட்டத்துக்கு வெளியே செலவழிக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டமாம். அப்பாவின் முகம் கடல் தாண்டி வரலாமாம். பணம்தான் மாவட்டம் தாண்டக் கூடாதாம்.

"வேண்டுமானால் தமிழில் துண்டுப் பிரசுரம் அடித்துத் தருகிறோம், கொண்டுபோங்கள்" என்றாள்.

5

அந்தப் பிரசுரத்துக்கு டிமென்ஷியாவைத் தமிழில் என்ன எழுதுவது என்று எங்கள் சமையலறையில் ஒரு வாரம் சண்டை. "எங்கட பக்கம் அறளை பேந்திட்டுது எண்டுதான் சொல்லுறது" என்றார் கணவர். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. சொன்னால் அரளிப்பூவா என்று கேட்பார்கள். நாங்கள் புத்தி பேதலித்துவிட்டது என்போம். அது பைத்தியத்துக்கும் சேர்த்து. கடைசியில் 'மறதி நோய்' என்று எழுதி, எங்கள் பேச்சுத் தமிழிலேயே நான்கு பக்கம் என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

அச்சாகி வந்ததைப் பிரித்தேன். ஒற்றைக் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது, புள்ளிகள் காணாமல் போயிருக்கின்றன, ஒரு வார்த்தைகூட வாசிக்க முடியவில்லை. கணினி குழப்பிவிட்டதாம். பெட்டி பெட்டியாக அடித்து வைத்திருந்தார்கள்.

"ரொம்ப அழகாக இருக்கிறது இல்லையா, உங்கள் எழுத்து!" என்றாள் ஹெலன்.

நான் எழுதிய மூலப்பிரதியை மட்டும் வாங்கி, நூறு பிரதி எடுத்துக்கொண்டு இரண்டாயிரத்து எட்டில் ஊருக்கு வந்தேன். மாதுரி வரவில்லை. பரீட்சை.

6

அப்பா என்னை யாரோ அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றார். "வாங்கம்மா, ஷீட்டெல்லாம் காய்ஞ்சிருச்சு" என்றார். பயிற்சியில் சொல்லித் தந்தபடி மறுக்காமல், "நல்லா இருக்கு" என்றேன். சந்தோஷமாக உட்கார்ந்தார்.

அன்று மத்தியானம் பெருமையாக அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டினேன். சந்திரன் எழுத்துக் கூட்டித் தமிழில் சொன்னான்: "தந்தையை அவரது மகன் சந்திரன் பராமரித்து வருகிறார்." தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவன் மனைவி கமலாவின் கை நின்றது.

"யாரு பராமரிக்கிறாங்கன்னு போட்டிருக்கு?"

சந்திரன் பேப்பரை மடித்தான். கமலா என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் ரப்பர் பால் வெட்டிக்கிட்டு இருந்தவ. மாமாவப் பாக்கத்தான் வேலைய விட்டேன். இவரு காலையில போனா அந்திக்குத்தான் வாராரு. குளிப்பாட்டுறது நான். பீ அள்ளுறது நான். அடி வாங்குறதும் நான். இங்க பாருங்க." கையைத் திருப்பிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே கன்றியிருந்தது. "நீங்களும் இதே வேலதான செய்யிறீங்க? அங்க ஒங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க. லீவு குடுக்குறாங்க. எனக்கு ஒரு நா, ஒரே ஒரு நா, நிம்மதியா மத்தியானம் தூங்க முடியல. நீங்க போட்டோவ எடுத்துட்டுப் போயி ஊருக்கெல்லாம் காட்டிட்டு வந்திருக்கீங்க."

நான் சேலை கட்டிக்கொண்டு மேடையில் நின்ற பத்து நிமிடமும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. அந்தக் கிழவருக்கு ஏன் அப்படிப் பதில் சொன்னேன்? கமலா என்ற பெயர் என் வாயில் வரவே இல்லை. ஆறு பேரைக் குளிப்பாட்டுகிற எனக்கே வரவில்லை என்றால் வேறு யாருக்கு வரும்?

"தப்புதான் கமலா" என்றேன். அவள் துருவலைத் தொடர்ந்தாள்.

7

தோட்டத்தில் ஒரு கூட்டம் வைக்கத் துரையிடம் அனுமதி கேட்டேன். எந்த என்.ஜி.ஓ., யார் பணம், எதற்கு என்று மூன்று கடிதம் எழுத வைத்தார். கடைசியில் பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் மடுவக் கொட்டகையில், மூன்று மணிக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

முப்பது பேர் போல வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நான் பயிற்சியில் படித்ததை ஆரம்பித்தேன். மூளை, நரம்பு, அறிகுறிகள். முன்வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். இன்னொருத்தி கையைத் தூக்கி, "மூக்குக் கண்ணாடி எப்பங்க குடுப்பீங்க?" என்றாள். முன்பு வந்த யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

பின்னால் கமலா அப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று அப்பா எழுந்தார். இடுப்பிலிருந்த சாரம் நனைந்து தரையெல்லாம் ஈரம். சிலர் மூக்கைப் பொத்தினார்கள், ஒருத்தி சிரித்தாள். கமலா அவரை மெதுவாக வெளியே கூட்டிப்போய், வேறு சாரம் கட்டி, திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். பிறகு அவளாகவே எழுந்து நின்றாள்.

"சிரிச்சது யாருன்னு எனக்குத் தெரியும். பரவால்ல. நானும் மொதல்ல இவரு வேணும்னு செய்யிறாருன்னுதான் நெனச்சேன். ஏசியிருக்கேன். ஒரு நா தள்ளிக்கூட விட்டுட்டேன். அப்புறம் மூலையில போயி ஒக்காந்து சின்னப்புள்ள மாதிரி அழுதாரு. ஏன் அழுவுறோம்னு அவருக்கே தெரியல. வேணும்னு செய்யிறவருக்குத் தெரியும்ல? அக்கா சொல்ற மூளை நரம்பெல்லாம் எனக்குத் தெரியாது. அவரு வேணும்னு செய்யலன்னு தெரிஞ்ச அன்னையிலருந்து எனக்குக் கோவம் கொறஞ்சிருச்சு. களைப்புத்தான் கொறையல."

பிறகு நடுவில் இருந்த லெட்சுமி என்பவள் எழுந்தாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும்.

"எங்க மாமியாளுந்தாங்க. பேச்சியம்மா. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போகையில வெளிய பூட்டிட்டுத்தான் போறோம். வேற என்னங்க செய்ய? ஆத்துப் பக்கம் எறங்கிருது. பூசாரி வந்து வேப்பிலையால அடிச்சாரு, மூணு நா. ஒடம்பெல்லாம் தடிப்பு." கமலா பக்கம் திரும்பினாள். "அப்ப அது பேய் இல்லீங்களா?"

"இல்ல" என்றாள் கமலா.

லெட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அடிக்க விட்டுட்டனே, நானும் பாத்துக்கிட்டு நின்னனே."

கூட்டம் அதோடு முடிந்தது. என் நூறு பிரதியில் எத்தனை போயிற்று என்று எண்ணவில்லை. கமலா லெட்சுமியின் கையைப் பிடித்து எழுப்பி, "பூட்டுத் தெறப்ப எடு, வா" என்று அழைத்துப் போனாள். நான் பின்னால் போனேன். பூட்டைத் திறந்ததும் இருட்டிலிருந்து ஒரு வாடை. பேச்சியம்மா சுவரோரமாகக் கால் நீட்டி உட்கார்ந்து, வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். கமலா சப்பணம் போட்டு எதிரில் உட்கார்ந்து, "வெளிய காத்து வருது, வாங்க பேச்சிம்மா" என்றாள். அவசரப்படவில்லை. கை நீட்டியபடியே இருந்தாள். வெகுநேரம் கழித்து அந்தக் கை வந்து இவள் கையைப் பிடித்தது. எனக்குப் பயிற்சி கொடுத்த யாரும் இவளைவிட நன்றாகச் செய்து நான் பார்த்ததில்லை.

8

நான் திரும்பி வந்த பிறகு நடந்தது இது. பிள்ளைக்காம்பரா ஆயாவும் கமலாவும் பேசி, வாரத்தில் இரண்டு மத்தியானம் அப்பாவையும் பேச்சியம்மாவையும் அங்கேயே உட்கார வைத்துக்கொண்டார்கள். துரை வந்து, இது பிள்ளைகளுக்கான இடம், பெரியவர்களை வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றாராம். "பிள்ளைங்கன்னு எழுதிக்குங்க தொரை, ரெண்டு பேரும் அப்புடித்தான் இருக்காங்க" என்றாளாம் ஆயா. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். என்ன இருந்தாலும் கடிதம் கேட்கவில்லை. அந்த இரண்டு மத்தியானமும் கமலா வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினாள்.

ஹெலன் என் பயணத்துக்கு அறிக்கை கேட்டாள். எத்தனை பேருக்கு விழிப்புணர்வு ஏற்பட்டது என்று ஒரு கட்டம். கமலா, லெட்சுமி, ஆயா, நான் என்று நான்கு பெயரையும் எழுதினேன். எண் மட்டும் போதும், பெயர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். பெயர்தான் வேண்டும் என்று மறுபடி அனுப்பினேன். இந்த முறை திரும்பி வரவில்லை.

அப்பா இந்த வருடத் தொடக்கத்தில் சளிக் காய்ச்சல் கண்டு போய்விட்டார். கமலாவின் மடியில். எனக்கு விமானச் சீட்டுக் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை கமலாவே கூப்பிட்டாள். கருமாதி, கல்லறை பற்றியெல்லாம் கேட்க ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்க்கா. நான் லெட்சுமி வீட்ல இருக்கேன். பேச்சிம்மா ரெண்டு நாளா சோத்த வாயில வச்சுக்கிட்டு முழுங்க மாட்டேங்குது. அங்க நீங்க என்ன செய்வீங்க?"

நிமிர்த்தி உட்கார வை என்றேன். சோற்றை நன்றாகக் குழைத்து, சின்னக் கரண்டியால் கொஞ்சமாக. தாடை லேசாகக் கீழே பார்த்தபடி இருக்கட்டும். அவசரப்படாதே. நீயும் எதிரில் உட்கார்ந்து உன் வாயில் ஒரு கவளம் போட்டு மென்று காட்டு.

"இருங்க" என்று போனை எங்கோ வைத்துவிட்டுப் போனாள், துண்டிக்காமல். தட்டுச் சத்தம், யாரோ நகர்ந்து உட்காரும் சத்தம், வெளியே நாய் குரைக்கும் சத்தம். மாதுரி என் பக்கத்தில் வந்து நின்று, என்ன என்பதுபோலப் பார்த்தாள். போனை ஒலிபெருக்கியில் போட்டேன். இரண்டு பேரும் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"என்னயப் பாருங்க பேச்சிம்மா. நான் மெல்லுறேன்ல, இந்தா இப்புடி. ம்... முழுங்குங்க. முழுங்குங்க தாயி."

மாதுரி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். அப்புறம் லெட்சுமியின் குரல், அவ்வளவு தூரத்திலிருந்து உடைந்து கேட்டது:

"முழுங்கிருச்சு! கமலா, இந்தா, வாயத் தெறக்குது பாரு!"